இடைவேளைக்குப் பிறகு வந்த முதலிடம்

போன புதன்கிழமை ஒரு பெண்மணி என்னை டெலிபோனிலேயே கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

பத்திரிகை ஆபீஸுக்குப் போயிருந்தேன். கையில் இந்த வாரத்துக்கான பத்தி. கொசுவர்த்தியைப் பற்றி ரொம்ப நன்றாகவே எழுதியிருந்தேன். ரிசப்ஷனில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் ரிசீவரை நீட்டினார். "உங்களுக்குத்தான் சார். காலையிலேருந்து மூணாவது தடவை."

"ஹலோ..."

"இந்த வருஷம் துணை நடிகருங்கள்ல யாரு ஃபர்ஸ்ட்டு, யாரு செகண்டுன்னு எழுதுனது நீங்கதானே சார்?"

நானேதான். போன வாரம் இதே பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். பாதிப் பேர் பாராட்டியும் மீதிப் பேர் திட்டியும் எழுதியிருந்தீர்கள். பத்திரிகையில் வெங்காய பஜ்ஜி மடித்துச் சாப்பிட்டவர்களுக்காகச் சுருக்கமாக மறுபடி சொல்கிறேன். படங்களின் பெயரைத் திரும்ப எழுதப் போவதில்லை. ஒரு தடவை இலவச விளம்பரம் கொடுத்தது போதும்.

ஐந்தாவது இடம், ஹோட்டல் சர்வராக வந்த அந்த ஒல்லி மனிதருக்கு. ஹீரோவும் ஹீரோயினும் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர் பின்னால் மேஜை துடைப்பார். ஒரே இடத்தையே மூன்று நிமிஷம் துடைப்பார்! ஒட்டுக்கேட்பதை அதைவிட அழகாக யார் செய்ய முடியும்? நான்காவது, வில்லனின் கார் டிரைவர். படம் பூராவும் கண்ணாடியில் அவர் கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணில் விசுவாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதைப் பார்க்க வேண்டுமே... மூன்றாவது, திட்டிக்கொண்டே அழுத ஹாஸ்டல் வார்டன் அம்மாள். இரண்டாவது, எழும்பூர் ஸ்டேஷன் அக்கா. தங்கை வீட்டைவிட்டு ஓடுகிறாள் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், நகர்கிற ரயிலோடு கூடவே ஓடி, ஜன்னல் வழியாக ஒரு சீப்பை நீட்டி, "தலையை வாரிக்கோடி" என்கிறாள். எனக்கு இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

முதலிடம்? சந்தேகமே இல்லை. கோர்ட் கூண்டில் ஏறி, சொந்த மகனை அடையாளம் காட்டிவிட்டு அழுத ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். நாடக மேடையில் நாற்பது வருஷம் நின்ற பெரியவர்.

"லிஸ்ட்டு நல்லாத்தான் கீது சார். ஆனா ஒரு ஆளை உட்டுட்டீங்க" என்றது டெலிபோன் குரல்.

"எந்தப் படத்துல?"

"அந்த ஹார்பர் படம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படத்தைத்தான் 'பேசாமல் விடுவதே மரியாதை' என்று ஒரே வரியில் தாளித்திருந்தேன். ஹீரோ மூன்று கண்டெய்னர்களைத் தாண்டிக் குதிக்கிறார். குதித்த வேகத்தில் நியூசிலாந்து போய் டூயட் பாடுகிறார்.

"அந்தப் படத்துல துணை நடிகர்னு சொல்ல யாரும்மா இருக்காங்க? கண்டெய்னரைச் சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பில்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன். கிரேனுக்குக் கையைக் காட்டற ஆளு ஒருத்தர் வருவாரு. இன்டர்வெல்லுக்கு அப்பால ஒரு வூட்டு வாசல்ல வந்து நிப்பாரு. அப்ப அவுரு இன்னா கலர் சட்டை போட்டுகினு இருந்தாரு? சொல்லுங்க பாப்போம்."

எனக்குக் கண்டெய்னரின் கலர்தான் ஞாபகம் வந்தது.

"பாக்கல இல்ல?"

விமர்சகர்கள் சங்கத்தில் இதற்கெல்லாம் நல்ல பதில்கள் உண்டு. 'பிரிண்ட் சரியில்லை', 'பிரஸ் ஷோவில் கடைசி ரீல் வரவில்லை' என்று எதையாவது சொல்லலாம். ஆனால் அந்தக் குரலிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"இன்டர்வெல்ல எழுந்து வந்துட்டேம்மா."

"அதான பார்த்தேன்!" குரலில் ஒரு வெற்றிக் களிப்பு. "நாளைக்கு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை படத்தை மாத்திடுவான். நாளைக்கு மேட்னிதான் கடைசி. திருவொத்தியூர் வாங்க. நானும் வரேன். பார்த்துட்டு, நல்லா இல்லேன்னு சொல்லுங்க. நான் போயிகினே இருக்கேன்."

பெயர் கலா என்றார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு எடை மேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், இவர் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான் அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் பாரிமுனையில் பஸ் பிடித்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். நிற்கும் என்றால், டிரைவர் இறங்கி, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைக்கிற அளவுக்கு நிற்கும். என் பஸ் அந்த வரிசையைத் தடவிக்கொண்டே ஊர்ந்தது. தியேட்டர் வாசலுக்கு நான் போய்ச் சேரும்போது நியூஸ் ரீல் ஓடிக்கொண்டிருந்தது.

கலா டிக்கெட்டோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நீலப் பூப்போட்ட சேலை. காதில் செருகிய பால்பாயின்ட் பேனாவை எடுக்க மறந்திருந்தார். அரை நாள் லீவு போட்டு வந்ததாகச் சொன்னார்.

"உள்ள போலாம் சார். மொத பாதி உங்களுக்குத்தான் தெரியுமே!"

குத்தலா, சாதாரணமாகச் சொன்னாரா? கேட்கத் தைரியமில்லை.

உள்ளே நாற்பது பேர் இருந்தால் அதிகம். மேலே மின்விசிறிகள் படத்தைவிடச் சத்தமாக ஓடின. ஹீரோ குதித்தார். நியூசிலாந்து வந்தது. கலா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. பாட்டு ஓடும் நேரத்தில் என்னிடம் கிசுகிசுத்தபடி என் பட்டியலைப் பிரித்துப் போட ஆரம்பித்தார்.

"எங்க கேபின் சுவத்துல சாக்பீஸால நானும் ஒரு லிஸ்ட்டு எழுதி வச்சுருக்கேன் சார். லாரிக்காரங்க எடை போடக் காத்துகினு கீறப்ப சும்மா இருப்பாங்களா? 'அத்த மேல போடு, இத்தக் கீழ போடு'ன்னு ஒரே ரகளை. ஒரு வடக்கத்தி டிரைவரு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, சர்வருக்கு ஓட்டுப் போட்டுட்டுப் போனான்."

"வசனமே இல்லையே, அதான் புரிஞ்சிருக்கும்" என்றேன்.

"அந்தச் சீப்பு அக்கா சோக்கா பண்ணிருக்கு. மெய்யாலுமே. ஆனா உங்க ஃபர்ஸ்ட்டு... அந்தப் பெரியவரு..."

"ஏன், அவருக்கு என்ன?"

"நல்லாத்தான் அழுவுறாரு. ஆனா கேமரா எங்க கீதுன்னு தெரிஞ்சு அழுவுறாரு சார்."

எனக்குச் சுருக்கென்றது. பதினேழு வருஷமாகப் படம் பார்த்து எழுதுகிறேன். அந்தப் பெரியவரைப் பற்றி எனக்குள்ளே ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டேதான் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. எடை மேடையில் சீட்டு எழுதுகிறவர் ஒரே வரியில் எடை போட்டுவிட்டார்!

இடைவேளை முடிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதையை இரண்டு வரியில் சொல்கிறேன். ஹீரோவின் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கிரேன் ஆபரேட்டர் உயரத்தில் கேபினில் இருப்பார். கீழே சரக்கு எங்கே இறங்குகிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. தரையில் ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார். ஏற்று, இறக்கு, இடது, வலது, நிறுத்து. மேலே இருப்பவர் அந்தக் கையை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டும். படத்தில் அப்படிச் சைகை காட்டுகிற ஆளாக ஒருவர் முதல் பாதியிலேயே இரண்டு மூன்று தடவை வருகிறார். நான் கவனிக்கவே இல்லை.

இரண்டாம் பாதியில் கிரேன் கவிழ்ந்து அண்ணன் இறந்துபோகிறார். வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டும். இந்த ஆளை அனுப்புகிறார்கள்.

வாசலில் வந்து நிற்கிறார். பழுப்பு நிறச் சட்டை. இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். இறந்தவரின் மனைவி உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "வாங்கண்ணா" என்கிறாள். இவர் உள்ளே வரவில்லை. "தண்ணி" என்கிறார். சொம்பைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். மடமடவென்று குடிக்கிறார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கிறார். வாயைத் திறக்கிறார்... "இன்னும் கொஞ்சம் தண்ணி" என்கிறார். அவள் சிரித்துவிடுகிறாள். "வெயில்ல வந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி உள்ளே போகிறாள். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று அந்த முதுகைப் பார்க்கிற பார்வையில் இருக்கிறது.

இரண்டாவது சொம்பும் காலி. இனிமேல் கேட்க ஒன்றுமில்லை.

உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை. அப்புறம் வலது கை மட்டும், அவருக்கே தெரியாமல், மெதுவாகத் தோள் உயரத்துக்கு ஏறுகிறது. விரல்கள் மடங்கி முஷ்டியாகின்றன. அப்படியே நிற்கிறது.

கிரேனுக்குக் காட்டுகிற 'நிறுத்து' சைகை.

கிரேன்காரர் பெண்டாட்டி அவள். அவளுக்கு அது புரியும். ஒரு கையில் அப்படியே பிடித்திருந்த கீரை கீழே விழுவதோடு காட்சி வெட்டப்படுகிறது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்! பின்னாலிருந்து "உக்காருய்யா" என்று ஒரு குரல். உட்காரவே தோன்றவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது. இரண்டு நிமிஷம், இரண்டே சொம்பு, ஒரு கை. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. இந்த வருஷம் முழுக்க நான் பார்த்த எழுபது சொச்சம் படங்களில் இதற்குப் பக்கத்தில் நிற்க ஒன்றுகூட இல்லை. இதைப் பார்க்காமல் ஐந்து பேரை வரிசைப்படுத்தி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்...

"உக்காருங்க சார், மறைக்குதாம்" என்றார் கலா. அவர் முகத்தில் பத்தாம் வகுப்பில் பிள்ளை முதல் மார்க் வாங்கிய பெருமிதம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. நான் திரைக்கு அருகிலேயே போய் நின்று படித்தேன். ஹீரோவின் மேக்கப்மேன் பெயர் இருந்தது. ஹீரோயினுக்குக் குடை பிடித்தவர் பெயர்கூட இருந்திருக்கலாம். இவர் பெயர் இல்லை. 'மற்றும் பலர்' என்று ஒரு வரி. தமிழ் சினிமாவில் அதிகப் படங்களில் நடித்தவர் இந்த மற்றும் பலர்தான். இவருக்கு இதுவரை ஒரு விருதும் கொடுத்ததில்லை.

"யாரும்மா இவர்?" வெளியே டீக்கடையில் நிற்கும்போது கேட்டேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "எந்த நாடகக் குழு? எங்கே கத்துக்கிட்டார்?"

"குழுவாவது ஒண்ணாவது. டில்லிபாபுன்னு பேரு. மெய்யாலுமே கிரேனுக்குக் கை காட்டற ஆளுதான். ஷூட்டிங்க்காரங்க யார்டுக்கு வந்தப்ப, கைய எப்படிக் காட்டறதுன்னு சொல்லிக் குடுக்கக் கூப்டாங்க. டைரக்டருக்குப் புடிச்சுப் போயி, 'நீயே நடி'ன்னு சொல்லிட்டாரு. இங்கதான், காலடிப்பேட்டையில வூடு."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

கலா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"என் வூட்டுக்காரரு ஏழுமலை கிரேன் ஆபரேட்டரு சார். டில்லிண்ணாதான் அவருக்குக் கை காட்டறது. ஒம்போது வருஷம் ரெண்டு பேரும் ஒண்ணா வேலை செஞ்சாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்ன மழைக்காலத்துல, தரை இளகிப் போயி, கிரேனு சாஞ்சுடுச்சு."

நானும் என் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"வூட்டுக்குச் சொல்ல வந்தவரு டில்லிண்ணாதான். வாசல்லியே நின்னாரு. தண்ணி கேட்டாரு. ரெண்டு சொம்பு. அப்பால கைய இப்டிக் காட்டுனாரு." கலா கையைத் தூக்கிக் காட்டவில்லை. பக்கவாட்டில் தொங்கிய கை மட்டும் லேசாக மூடியது. "எனக்கு அந்தக் கை தெரியும் சார். எங்க வூட்டுக்காரரு சோறு துன்றப்ப போதும்னு சொல்ல மாட்டாரு. அதே மாதிரிக் கையக் காட்டுவாரு. எங்களுக்குள்ள அது ஒரு விளையாட்டு."

பக்கத்தில் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அது போகிறவரை காத்திருந்தார்.

"இந்தப் படம் வந்தப்ப மொத வாரமே போனேன். தெரிஞ்சவரு நடிச்சிருக்காரேன்னு ஆசையா போனேன். அந்த சீன் வந்ததும் எழுந்து வெளிய வந்துட்டேன். ரெண்டு நாளு பேஜாரா இருந்துச்சு. அப்பால மறுபடி போனேன். முழுசா பார்த்தேன். இன்னிக்கு அஞ்சாவது தபா."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. என் வூட்டு வாசலை எடுத்துனு போயி சினிமாவுல போட்டுட்டாரேன்னு வந்துச்சு. ஆனா பாக்கப் பாக்க..." வார்த்தை தேடினார். "அன்னிக்கு நான் அவர் மூஞ்சியப் பாக்கவே இல்ல சார். எனக்கு இன்னா நடக்குதுன்னே தெரியல. படத்துலதான் பார்த்தேன். அந்த மனுசன் எவ்ளோ பாடுபட்டுகினு நின்னாருன்னு. அத்த அவருகிட்ட சொல்லணும். ஆனா மனுசன் என்னப் பார்த்தாலே ஓடறாரு. ஷூட்டிங் முடிஞ்சதுலேருந்து ஆறு மாசமா எங்க எடை மேடைப் பக்கம் வர்றதில்ல. பஸ்ஸை உட்டுட்டு, சுத்துவழியில சைக்கிள் மிதிச்சுகினு போறாரு. அவுரு சம்சாரம் ராணி மார்க்கெட்ல பார்த்துச் சொல்லுச்சு. இன்னொரு படத்துக்குக் கூப்ட்டு ஆள் வந்தாங்களாம். வர மாட்டேன்னு அனுப்பிட்டாராம்."

இப்போது புரிந்தது, காலையிலிருந்து மூன்று தடவை ஏன் போன் வந்தது என்று.

"என் பட்டியல்ல அவர் பேர் வந்தா, அதை எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டலாம்னு நினைச்சீங்களா?"

"ஆமா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன் சார்." விரலை நீட்டினார். "என் கதையைக் கேட்டுட்டுப் பாவம் பார்த்து ஃபர்ஸ்ட்டு குடுக்காதீங்க. நடிப்பு நல்லா இருந்தா குடுங்க. அதான் மொதல்ல படத்தைக் காட்டுனேன், அப்பால கதையச் சொன்னேன்."

இதுவரை என்னிடம் சிபாரிசுக்கு வந்த தயாரிப்பாளர்கள், டைரக்டர்கள், ஹீரோவின் மாமனார்கள் எல்லோரும் வரிசையாகக் கண் முன்னால் வந்து போனார்கள். ஒருவர்கூட இப்படி ஒரு நிபந்தனை போட்டதில்லை.

"நான் தியேட்டர்லயே எழுந்து நின்னுட்டேனே, பார்த்தீங்கல்ல? அப்பவே கொடுத்தாச்சு" என்றேன்.

"அப்ப வாங்க. அவருக்கு இன்னிக்கு ராத்திரி ஷிஃப்ட்டு, வூட்லதான் இருப்பாரு. நான் தனியா போனா பின்பக்கமா எகிறிக் குதிச்சுடுவாரு. பத்திரிகைக்காரர் கூட வந்தா குந்தித்தான ஆவணும்!"

நடந்தே போனோம். ஒரு குறுகிய சந்து. கடைசி வீடு. ராணி கதவைத் திறந்தார். கலாவைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. எதுவும் கேட்காமல் உள்ளே திரும்பி, "யோவ்! எங்கயும் ஓடாத!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

டில்லிபாபு தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். திரையில் பார்த்ததைவிடக் குட்டையாக, இன்னும் கறுப்பாக இருந்தார். கலாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. சுவரோடு ஒட்டி நின்றார்.

நான் யார் என்று சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"கலா..." என்றார். "தப்புப் பண்ணிட்டேம்மா."

"இன்னா தப்பு?"

"எழுதிக் குடுத்தது வேற. ரெண்டு வரி டயலாக்கு. 'உன் புருஷன் நம்மள உட்டுட்டுப் போயிட்டாம்மா'ன்னு சொல்லி அழுவணும். சொல்ல வரல. அந்தப் பொண்ணு கீரை ஆய்ஞ்சுகினு இருந்துச்சா... நான் அங்க இல்ல. உங்க வூட்டு வாசல்ல நின்னுகினு கீறேன். கை தானா போயிடுச்சு. டைரக்டரு கட் சொல்லவே மறந்துட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு மட்டும்... ஏழுமலையை எடுத்துனு போயி ஊருக்குக் காட்டிட்டேனேன்னு... வூட்டுக்கு வந்து சோறு எறங்கல."

"மூணு நாளு" என்றார் ராணி.

"அன்னிக்கு நான் ஸ்டாப்பு காட்டுனேன் கலா. அவனும் பார்த்தான், நிறுத்துனான். மண்ணு நிக்கல." கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பினார். "இத்த உங்கிட்ட இதுவரைக்கும் நான் சொன்னதே இல்ல."

படத்திலும் அந்த வாசலிலும் வெளியே வராமல் நின்றுபோன வார்த்தைகள் இப்போதுதான் வந்தன. நான் வாசலில் கழற்றிப் போட்ட என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலாதான் பேசினார். அழுதார், ஆனால் பேச்சு தடுமாறவில்லை.

"நீ கை காட்டுனா அவுரு கண்ண மூடிகினு செய்வாருண்ணா. ஒம்போது வருஷம் உன் கையைப் பத்தி வூட்ல ஒரு கொறை சொன்னதில்ல. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. நீ ஓட ஓட எனக்குத்தான் பயமா போச்சு. ஏழுமலையைத் தெரிஞ்ச ஆளுங்கல்லாம் என்னப் பார்த்து ஓடிட்டா, அவரைப் பத்தி நான் யாருகிட்ட பேசறது? படத்துல நீ நின்னப்ப, அட, இன்னொருத்தருக்கும் ஞாபகம் கீதுன்னு... சந்தோசமா இருந்துச்சு. அதான் அஞ்சு தபா போனேன்."

டில்லிபாபு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். கேமரா எங்கேயும் இல்லை.

அப்புறம் ராணி காபி கொண்டுவந்தார். என் பட்டியலை டில்லிபாபுவிடம் ஒப்பித்து, அதை மாற்றப் போகிறேன் என்று சொன்னேன். முதலிடம் அவருக்குத்தான் என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். துண்டை எடுத்தவர் முகம் சட்டென்று மாறியது.

"சார், அது தப்பு. அந்த எக்மோர் ஸ்டேஷன் சீப்பு அக்கா கீதே, அதான் ஃபர்ஸ்ட்டு. நான்லாம் அதுக்கு அப்பாலதான்."

"நீங்களும் பார்த்தீங்களா?"

"எத்த உட்டேன்? எல்லாப் படமும் பார்ப்பேன். அந்தப் பொண்ணு ஓடிகினே சீப்பை நீட்டறப்ப கால் தடுக்குது பாருங்க. அது நடிப்பு இல்ல சார், மெய்யாலுமே தடுக்குது. ஆனாலும் டயலாக்கை உடல. உங்க போஸ்ட்மாஸ்டரை மூணுல வையுங்க, போதும்."

"மூணா? நாலு!" என்றார் கலா. "வார்டன் அம்மாதான் மூணு."

பத்து நிமிஷம் சண்டை. குரலெல்லாம் தெருவுக்குக் கேட்டிருக்கும். ராணியும் விடவில்லை. வில்லனின் டிரைவருக்காக ஒற்றை ஆளாக வாதாடினார். அழுத கண்களோடு மூன்று பேர் இப்படிச் சத்தம் போட்டுச் சினிமா பேசுவதை நான் எங்கும் பார்த்ததில்லை. நாங்கள் விமர்சகர்கள் கூடினால் ஏஸி அறையில் தாழ்ந்த குரலில் பேசுவோம். ஒருவர் சொன்னதை மற்றவர் ஆமோதிப்போம். அதற்குப் பெயர் ஜூரி.

கடைசியில் நான் என் அதிகாரத்தைப் பயன்படுத்தினேன். இதோ திருத்திய பட்டியல்: டில்லிபாபு, சீப்பு அக்கா, ஹாஸ்டல் வார்டன், வில்லனின் டிரைவர், போஸ்ட்மாஸ்டர் பெரியவர். சர்வர் வெளியே போய்விட்டார். ஒல்லி மனிதரே, மன்னியுங்கள். அந்த வடக்கத்தி டிரைவரின் ஓட்டு உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

"அந்த இன்னொரு படம்... வேணாம்னு சொன்னீங்களாமே?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

டில்லிபாபு கலாவைப் பார்த்தார். கலா ராணியைப் பார்த்தார். ராணி அதற்குள் காலண்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துண்டுச் சீட்டை உருவிவிட்டார். அதில் அசிஸ்டென்ட் டைரக்டரின் நம்பர். பத்து நாளாக அவர் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது டில்லிபாபுவுக்கே தெரியாது.

தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு நால்வரும் போனோம். பத்து நாளில் வேறு ஆள் போட்டிருப்பார்களே என்று எனக்குள் பதைப்பு. முதல் தடவை என்கேஜ்டு. இரண்டாவது தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கண்ணாடிக் கதவுக்குள் டில்லிபாபுவின் வாய் அசைந்தது. "ஆமா சார்... நான்தான் சார்... அப்டியா சார்..." முகம் விழுந்தது. அப்புறம் நெற்றி சுருங்கியது. அப்புறம் வாய் மெல்லத் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததற்கும் ஒரு இடம் கொடுக்கலாம்.

வெளியே வந்தார்.

"இன்னாச்சு?" மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"அந்த ரோலு போயிடுச்சு. அழுவுற ரோலு. நேத்துதான் வேற ஆளு போட்டாங்களாம்."

ராணி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆனா இன்னொண்ணு கீதாம். கல்யாண வூட்டுல பந்தியில குந்திகினே தூங்கிப் போற மாமா. காமெடியாம்! திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. வர்றேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு இவுரு நடிக்கவே தேவையில்லயே" என்றார் ராணி.

முதலில் சிரித்தவர் கலா. அப்புறம் டில்லிபாபு. பூத்துக்காரரும் எட்டிப் பார்த்து எதற்கென்று தெரியாமலே சிரித்தார். பஸ் வந்தது. நான் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கலா அவருக்கு ரொம்பத் தீவிரமாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பும் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

"தூங்கறப்ப சும்மா தூங்காதண்ணா, கொறட்டை உடு. அப்பதான் டப்பிங்ல உனுக்குன்னு ஒரு டயலாக்காவது கெடைக்கும்!"

நடிப்பைப் பற்றி இந்த வருஷம் நான் கேட்ட ஆகச் சிறந்த யோசனை இதுதான்.